அக்கா லீவுல இருக்காங்க

பேட்டரியைப் பிடுங்காதீர்கள் என்று ரிசப்ஷன் பெண் சொன்னபோது லைன்மேன் பெரிய மனிதத் தோரணையில் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே பிடுங்கினார்.

இதில் அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவள் வலது பக்கம் நின்று சொன்னாள், அவ்வளவுதான். வலது பக்கத்திலிருந்து யார் எதைச் சொன்னாலும் தலையாட்டி வைத்துவிடுவது என்று கொஞ்ச காலமாக ஒரு கொள்கை வைத்திருந்தார். பெரும்பாலும் அது நன்றாகவே வேலை செய்தது. டீக்கடையில் தலையாட்டினால் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாக விழும். பஸ்ஸில் தலையாட்டினால் பக்கத்து சீட்காரர் தன் மருமகனைப் பற்றிய மொத்தப் புகாரையும் சொல்லி முடித்துவிட்டு நிம்மதியாக இறங்கிப் போவார். மனைவியிடம் தலையாட்டியதில்தான் ஒருமுறை விவகாரமாகிவிட்டது. மைத்துனன் குடும்பத்தோடு வந்து தங்குவதற்குத் தானே சம்மதம் கொடுத்திருந்த விஷயம், அவர்கள் மூட்டை முடிச்சோடு வாசலில் வந்து நின்றபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

கட்டடத்தில் கரண்ட் இல்லை. சுவரில் மாட்டியிருந்த அந்தப் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெட்டியின் ஞாபகசக்தி அந்த நேரத்தில் ஒரு சின்னப் பேட்டரியை நம்பித்தான் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து ஓர் அழைப்பு வந்தால் முதலில் யார் மேசையில் மணி அடிக்க வேண்டும், அவர் எடுக்காவிட்டால் யாருக்குப் போக வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் எங்கே, கதவைச் சாத்திய பிறகு எங்கே என்றெல்லாம் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்து வளர்த்த புத்தி அது. முனையில் துரு ஏறியிருக்கிறதே, தேய்த்து விடுவோம் என்று நல்ல மனதோடு அவர் அதைக் கழற்றிய கணத்தில், பெட்டி பிறந்த குழந்தையாகிவிட்டது.

“அண்ணே, இப்போதானே சொன்னேன்?” என்றாள் அவள், இந்த முறை எதிரே வந்து நின்று.

“சொன்னீங்க, சொன்னீங்க. வேணும்னுதான் கழட்டினேன். சில சமயம் எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்மா. அதான் சயின்ஸ்.”

அவள் அந்த சயின்ஸைக் கொஞ்ச நேரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் மேசைக்குப் போனாள்.

அது ஒரு காது மிஷின் கம்பெனி. மிஷின் விற்பார்கள், பொருத்துவார்கள், விசிலடித்தால் சரிசெய்து கொடுப்பார்கள். முன்னால் ரிசப்ஷன், இடது கைப்பக்கம் முதலாளியின் கேபின், பின்னால் பழுது பார்க்கும் மேசை, வலது மூலையில் சாத்தியே கிடக்கும் ஒரு தடித்த கதவு. ஊரெல்லாம் போனை மாற்றிவிட்ட பிறகும் இவர்கள் இந்தப் பெட்டியையும் கனமான கறுப்பு ரிசீவர்களையும் விடாமல் வைத்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பழைய ரிசீவருக்குள் இருக்கும் காந்தம் சில வகைக் காது மிஷின்களோடு நேரடியாகப் பேசும். புதுசு அப்படிப் பேசாது, வீல் வீலென்று கத்தும். மிஷின் வாங்கியவர்களுக்குப் போன் எடுத்துப் பேசக் கற்றுக்கொடுப்பதற்கே பழைய போன் வேண்டியிருந்தது. அதனால் லைன்மேனும் வேண்டியிருந்தார்.

லைன்மேன் இந்த வேலையை இன்னொருவருக்குத் தள்ளிவிடாமல் தானே வாங்கிக்கொண்டு வந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. அது அவருடைய வலது காது. முதலில் அதற்குள் ஒரு வண்டு பாடியது. பிறகு வண்டு போய்ப் பஞ்சு வந்தது. இப்போது பஞ்சுகூட இல்லை. அந்தப் பக்கத்து உலகத்தை யாரோ சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டதைப் போலிருந்தது. போன மாதம் ரோட்டைத் தாண்டும்போது ஒரு பஸ் அவருடைய சட்டைப் பையை உரசிக்கொண்டு போனது. டிரைவர் வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டி அரைத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி அவருடைய பரம்பரையை விசாரித்தார். இவர் பாட்டுக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். பார்த்துக்கொண்டு நின்ற மனைவிதான் அன்று இரவு சாப்பிடவில்லை.

வாழ்நாளெல்லாம் டோன் வருகிறதா என்று கேட்டே பிழைத்தவனுக்குக் காது போய்விட்டது என்றால், மீன்காரனுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பது போல. வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்குத் தெரிந்தால் ஸ்டோரில் உட்கார்ந்து கம்பிச் சுருள் எண்ணச் சொல்லிவிடுவார்கள். அதனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. அன்று காலை மனைவி மட்டும் அவர் இடது பக்கமாக வந்து நின்று, “இன்னைக்கு அங்கதானே போறீங்க? கேட்டுட்டு வாங்க. சாயங்காலம் எனக்கு நேரா ஒரு பதில் வேணும். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. தலையாட்டினீங்க, தெரியும் சேதி,” என்று சொல்லியிருந்தாள்.

பெட்டிக்கு மறுபடி புத்தி புகட்ட ஆரம்பிக்கும் முன், மனைவி சொன்ன வேலையை முடித்துவிடலாம் என்று அவர் முதலாளியின் கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். முதலாளி வட்ட முகம், மெல்லிய குரல். இல்லை என்ற சொல்லை வாழ்க்கையில் உபயோகித்தே இராதவர் என்று பார்த்ததும் தெரியும்.

“சார், என் மச்சான் ஒருத்தன் இருக்கான். அவனுக்கு வலது காதுல பஞ்சு வச்ச மாதிரி இருக்காம்.”

“மச்சானுக்கா?”

“மச்சானுக்குத்தான்.”

முதலாளி அவருடைய வலது காதை ஒரு முறை பார்த்தார். “குளிரா இருக்கும். அழுக்கு சேர்ந்திருக்கும். கவலைப்பட்டாலும் சில பேருக்கு அடைக்கும். பாக்கலாம்.”

“டெஸ்ட் பண்ணா தெரிஞ்சிடுமா சார்?”

“டெஸ்ட் எல்லாம் அக்காதான் பண்ணுவாங்க. என் அக்கா. இப்போ லீவுல இருக்காங்க.”

“எப்போ வருவாங்க?”

“வருவாங்க,” என்றார் முதலாளி, மேசை மேலிருந்த பென்சிலை நேராக வைத்தபடி. பென்சில் ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

கரண்ட் வந்தது. லைன்மேன் பெட்டியை உயிர்ப்பித்தார். இந்த ரகப் பெட்டிகளைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. எதுவுமே ஞாபகம் இல்லாத நிலையில் வெளி அழைப்பை எல்லாம் அது இருபத்தொன்றாம் நம்பருக்குத்தான் அனுப்பும். இருபத்தொன்று என்றால் ரிசப்ஷன். அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். பரீட்சைக்காகத் தன் செல்போனிலிருந்து ஆபீஸ் நம்பரை அழைத்து இடது காதில் வைத்தார். அந்தப் பக்கம் மணி போனது. பிறகு யாரோ எடுத்தது போல் ‘க்ளிக்’. ஆனால் ரிசப்ஷன் போன் அடிக்கவே இல்லை.

“ஹலோ?”

பதில் இல்லை. இரைச்சலும் இல்லை. மெலிதாகக் காற்று போல ஏதோ ஒன்று. ஒருவர் வாயைத் திறந்து, பேசாமல், நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட ஓர் அமைதி. அதன் பிறகுதான் ரிசப்ஷன் போன் அடித்தது. ஒற்றை மணி.

லைன்மேன் கீழே விட்ட ஸ்க்ரூடிரைவரை எடுக்க மறந்தார். வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு இந்தப் பெட்டி இரட்டை இரட்டையாக மணி அடிக்கும். ஒற்றை மணி என்றால், உள்ளேயிருந்து ஒரு ஆள் எடுத்து, பேசி, இவளுக்குத் தள்ளிவிடுகிறார் என்று அர்த்தம். அந்தப் பெண்ணின் மேசைப் போனில் வரிசையாக இருந்த சின்னச் சிவப்பு விளக்குகளில் கடைசி விளக்கு எரிந்தது. அதன் கீழே முப்பது என்று எழுதியிருந்தது.

அவள் எடுத்து, “ஹலோ,” என்றாள். லைன்மேனின் செல்போனிலும் “ஹலோ,” என்று கேட்டது.

“முப்பது யாரும்மா?”

“டெஸ்ட் ரூம்.”

“உள்ள யாரு இருக்கா?”

அவள் வலது மூலையிலிருந்த தடித்த கதவைப் பார்த்தாள். “யாரும் இல்லண்ணே. அக்கா லீவுல இருக்காங்க.”

“லீவுல இருக்கறவங்க எப்படிம்மா லைன் குடுப்பாங்க?”

“நீங்க டீ குடிக்கிறீங்களா?” என்றாள் அவள்.

குடித்தார். குடித்துக்கொண்டே பெட்டிக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். வெளி அழைப்பு வந்தால் இருபத்தொன்று. அவள் எடுக்காவிட்டால் முதலாளி. முப்பதுக்கு எதுவும் போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் சரி என்று நீளமாக ஒரு பீப் கொடுத்தது பெட்டி. வலது பக்கம் யாராவது எதையாவது சொன்னால் அவர் எப்படித் தலையாட்டுவாரோ அதே மாதிரி அது பீப் அடிக்கிறது என்பது அவருக்கு அடுத்த மணியில்தான் புரிந்தது. ஒற்றை மணி. முப்பதின் விளக்கு.

இந்த முறை லைனில் வந்தவர் ஒரு பெரியவர், நெடுநாள் கஸ்டமர். அவர் பேச ஆரம்பித்தால் ரிசீவரை ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பெண் ஸ்பீக்கரை அழுத்தினாள். ஆனால் பெரியவர் இன்று கத்தவில்லை. பக்கத்து அறையில் தூங்குகிற குழந்தையை எழுப்பக் கூடாதவர் போல மெல்லப் பேசினார்.

“பேட்டரி மாத்தணும்மா. எல்லாம் அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். உன்கிட்ட குடுக்கறேன்னாங்க.”

“எந்த அம்மா சார்?”

“எந்த அம்மாவா? உங்க டெஸ்ட் அம்மாதான். லீவு முடிஞ்சு வந்துட்டாங்கன்னு நீ சொல்லவே இல்லையே! மிஷினைக் கழட்டி வச்சுட்டுப் பேசறேன், தெரியுமா? வெறும் காது. எவ்வளவு தெளிவா இருந்துச்சு! இப்போ நீ பேசறதுதான் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் சத்தமாப் பேசு.”

அவள் ஏதோ சொல்லிப் போனை வைத்தாள். வைத்த கை ரிசீவரை விட்டு வரவில்லை. பிறகு எழுந்து, கேபினை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதலாளிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று லைன்மேனின் மறுபக்கமாகச் சுற்றி வந்தாள். குனிந்து அவர் காதோடு காதாகச் சொன்னாள். வலது காதோடு.

அவள் சொன்னது இதுதான்: “அண்ணே, அக்கா லீவுல இல்ல. செத்துப் போயிட்டாங்க. போன மழையிலேயே. கஸ்டமருங்க வேற இடம் போயிடுவாங்க, யார் கேட்டாலும் லீவுன்னு சொல்லுன்னாரு சார். முதல்ல வியாபாரத்துக்காகன்னு நெனச்சேன். ஆனா என்கிட்டயும் லீவுன்னுதான் சொல்றாரு. அக்கா டிபன் பாக்ஸை தினம் கழுவி வைக்கிறாரு. எனக்கு பயமா இருக்கு.”

லைன்மேன் பெரிய மனிதத் தோரணையில் தலையை ஆட்டினார். “இதெல்லாம் சகஜம்மா. நான் பாத்துக்கறேன்.”

அந்தப் பெண் நிமிர்ந்து அவரையே பார்த்தாள். இப்படி ஒரு தைரியசாலியை அவள் அதுவரை பார்த்ததில்லை. உண்மையில் அவருக்குக் கேட்டது கழுத்தில் பட்ட மூச்சுக் காற்று மட்டும்தான். டீக்கு சர்க்கரை போதுமா என்று கேட்டிருப்பாள் என்றுதான் நினைத்தார்.

அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இது அக்கா தம்பி சண்டை. என்னவோ மனஸ்தாபம். தம்பி முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அக்கா சீக்கிரமே வந்து அந்த அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, லைனை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். லீவு என்று இவர்கள் கௌரவமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அவருடைய வீட்டிலேயே மனைவியும் நாத்தனாரும் ஒரே சமையலறையில் நின்றுகொண்டு, பாத்திரச் சத்தத்தில் மட்டும் பேசிக்கொண்ட காலம் உண்டு. குடும்ப விவகாரத்தில் வெளி ஆள் தலையிடக் கூடாது. கம்பியில் மட்டும் தலையிடலாம். அவர் பெட்டிக்குக் கீழே கம்பிகளெல்லாம் வந்து சேரும் பலகையில் முப்பதின் ஜோடிக் கம்பியைத் தேடிப் பிடித்துப் பிடுங்கி, இரண்டு முனைகளையும் தனித்தனியாக வளைத்துவிட்டார். இனி அந்த அறை உலகத்தோடு பேச முடியாது.

ஒற்றை மணி அடித்தது. முப்பதின் விளக்கு எரிந்தது. பிடுங்கிய கம்பியின் இரண்டு முனைகளும் அவர் விரலிடுக்கில் இருந்தன.

அழைத்தது ஒரு பெண்மணி. முதலாளியைக் கேட்டாள். முதலாளி கேபினிலிருந்து வெளியே வந்து, ரிசப்ஷன் மேசையிலேயே நின்றபடி ஸ்பீக்கரில் பேசினார். அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் அழுகையில் ஒரு லேசான சிரிப்பும் இருந்தது.

“சார், நீங்க ஒவ்வொரு தடவையும் சவுண்டைக் கொஞ்சம் ஏத்தி வைக்கிறேன், பாக்கலாம், பாக்கலாம்னே சொல்லி அனுப்பறீங்க. இப்போ உங்க அக்கா சொன்னாங்க. உனக்கு இனிமே இந்த மிஷின் போதாதும்மா, எந்த மிஷினும் போதாது, ஆபரேஷன் பண்ற டாக்டரைப் பாரு, இப்பவே போனா ஒரு வழி இருக்குன்னு. யாராவது ஒருத்தர் சொன்னாங்களே சார். அது போதும்.”

முதலாளியின் வட்ட முகத்தில் ரத்தம் இல்லை. “என் அக்கா அப்படித்தான் சொல்லுவா,” என்றார், யாரிடம் என்று தெரியாமல்.

போனை வைத்த பிறகு அவர் தன் செல்போனை எடுத்துத் தன் ஆபீஸ் நம்பரையே அழைத்தார். இடது காதில் வைத்துக் கேட்டார். வலது காதுக்கு மாற்றிக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ரிசப்ஷன் போன் ஒற்றை மணி அடித்து, அந்தப் பெண் எடுத்து, அவருடைய மூச்சையே கேட்டுவிட்டு வைத்தாள். அவர் மறுபடி அழைத்தார். அவருக்குக் காதில் எந்தப் பழுதும் இல்லை. அன்றைக்கு அதுதான் அவருக்குக் குறையாக இருந்தது.

“உங்களுக்குக் குரல் ஏதாவது கேட்டுச்சா?” என்று லைன்மேனிடம் கேட்டார்.

“இல்ல சார். காத்து மாதிரி ஒண்ணு. அவ்வளவுதான்.”

“எனக்கும் காத்துதான்.” பென்சிலைத் தேடுவது போல அவர் விரல்கள் மேசையில் அலைந்தன. “சீக்கிரம் சரி பண்ணிடுங்க. இல்ல... அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவாவே பண்ணுங்க.”

லைன்மேனுக்குப் பாவமாக இருந்தது. சண்டை இவ்வளவு முற்றிப் போய், அக்கா யார் யாரிடமோ பேசுகிறாள், தம்பி அழைத்தால் மட்டும் வாய் திறப்பதில்லை. அப்போது மனைவி கூப்பிட்டாள்.

“கேட்டீங்களா?”

“அக்கா லீவுல இருக்காங்களாம்.”

“எந்த அக்கா?”

“இங்க ஒரு அக்கா. அவங்கதான் பாக்கணுமாம். வந்துட்டாங்கன்னும் சொல்றாங்க, வரலன்னும் சொல்றாங்க.”

“உங்களை மாதிரியே ஒரு ஆபீசு,” என்றாள் மனைவி. பிறகு குரல் இறங்கிவிட்டது. “எனக்கு என்ன, காது கேக்கலன்னா போகுதுங்க. நான் கத்திக்கறேன், எனக்கு அது பழக்கம்தான். அந்த பஸ்ஸுதான் கண்ணுக்குள்ளயே நிக்குது. நீங்க ரோட்டுல இருக்கற நேரமெல்லாம் நான் அந்த ஓரத்துலயே நிக்கறேன். தெரிஞ்சுக்கிட்டா அதுக்கு ஏத்த மாதிரி இருந்துக்கலாம்ல?”

அவர் தலையாட்டினார். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்?

ஆகவே சமாதானத் தூதனாகவும் காது நோயாளியாகவும் ஒரே நேரத்தில் அந்த அறைக்குள் போவது என்று தீர்மானித்தார். கம்பியைப் பிடுங்கியும் லைன் வருகிறது என்றால் வேறு வழியாக இன்னொரு கம்பி உள்ளே போயிருக்க வேண்டும். அதையும் பார்த்தது போலிருக்கும். டெஸ்ட் போனைத் தோளில் மாட்டிக்கொண்டார். பெரிய ரிசீவர் போல இருக்கும், இரண்டு வால் கம்பிகளும் வால் நுனியில் பல் வைத்த கிளிப்புகளும் உள்ள போன் அது. எந்தக் கம்பியைக் கவ்வ விட்டாலும் அதில் ஓடுவதைக் கேட்கலாம்.

“நான் உள்ள போய் செட் ஆனதும் ஆபீஸ் நம்பரைக் கூப்பிடும்மா. அந்த ரூம் கண்ணாடி வழியா பாத்துக்கோ. கையைத் தூக்கினா லைன் வருதுன்னு அர்த்தம்.”

“நெஜமாவே உள்ள போறீங்களாண்ணே? நான் அவ்வளவு சொல்லியும்?”

“நீ என்ன சொன்னாலும் போகத்தானே வேணும்? வேலைம்மா,” என்றார். அவள் கண் கலங்கியதற்குக் காரணம் அவருக்குப் புரியவில்லை.

கதவு கனம். உள்ளே நுழைவதற்கு முன் மரியாதைக்காக ஒருமுறை கனைத்தார். “மேடம், லைன் செக் பண்ண வந்திருக்கேன்.”

யாரும் இல்லை. சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாகச் சாம்பல் நிற ஸ்பாஞ்ச். எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். ஒன்றின் முதுகில் ஒரு வெள்ளைக் கோட்டு, தோள்பட்டையில் தூசு படிந்து. மேசையில் ஒரு ஹெட்போன், பட்டையில் ஒரு நீண்ட நரைமுடி சிக்கியிருந்தது. ரிசப்ஷனைப் பார்த்தபடி தடித்த கண்ணாடி பதித்த சின்னச் சதுரம். போன் இருக்கவேண்டிய இடத்தில் போன் இல்லை. அது இருந்த அடையாளமாக மேசையில் தூசு ஏறாத ஒரு செவ்வகம் மட்டும். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஸ்பிரிங் கதவு தானாக வந்து பொருந்தியது.

அப்போது உலகம் நின்றுவிட்டது. ஃபேன், ரோடு, அந்தப் பெண்ணின் செருப்பு, எதுவும் இல்லை. வலது காதில் அவர் மாதக்கணக்காகக் கேட்டு வந்த அதே ஒன்றுமின்மை இப்போது இடது காதிலும் வந்து உட்கார்ந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவருடைய இரண்டு காதுகளும் சமமாயின. அவருக்கு உடனே வெளியே ஓடிவிடத் தோன்றியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் செல்போனை எடுத்து நம்பர் போட்டுக்கொண்டிருந்தாள். ஓடினால் நன்றாக இருக்காது.

போன் கம்பியின் சாக்கெட், அறையின் இடது மூலையில் தரையோடு இருந்தது. மண்டியிட்டு, இடது தோளைச் சுவரின் ஸ்பாஞ்சில் அழுத்திக்கொண்டால்தான் கை எட்டியது. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் கிளிப். டெஸ்ட் போனை வைத்துக்கொள்ள மிச்சமிருந்தது வலது தோளும் வலது காதும் மட்டுமே. பரவாயில்லை, கம்பியைத்தான் பிடுங்கியாகிவிட்டதே, கேட்பதற்கு என்ன இருக்கப்போகிறது என்று அதை அங்கேயே இடுக்கிக்கொண்டு கிளிப்பைக் கவ்வ விட்டார்.

“அசையாம உக்காருங்க,” என்றது ஒரு குரல்.

போன் குரலாக இல்லை. கரகரப்போ தூரமோ இல்லை. எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முழங்கால் முழங்காலில் இடிக்க உட்கார்ந்து பேசும் ஒரு வயதான பெண்ணின் சாதாரணக் குரல். கொஞ்சம் கறாரான குரலும்கூட.

“மேடம்... லைன் செக் பண்ணிட்டிருக்கேன்.”

“தெரியும். காலைல இருந்து என்னைக் கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டிருக்கீங்க.”

“லீவுன்னு சொன்னாங்க.”

“என் தம்பி சொல்லியிருப்பான். அவனுக்கு எதையும் நேராச் சொல்ல வராது. சின்ன வயசுல நாய் கடிச்சதுக்கு, கால் கொஞ்சம் வழுக்கிடுச்சுன்னு வந்து சொன்னவன்.” ஒரு பெருமூச்சு வந்தது; அது காற்று போல இருந்தது. “சரி. சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க. கேக்கலன்னா தூக்காதீங்க. என்னை சந்தோஷப்படுத்தறதுக்குன்னு தூக்காதீங்க.”

“எனக்கு இல்ல மேடம், என் மச்சானுக்குத்தான்—”

“மச்சான் வெளியவே இருக்கட்டும்.”

முதலில் ஊசி முனை போல ஒரு கீச்சொலி வந்தது. அவர் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். பிறகு கொஞ்சம் தடித்த ஒன்று. தூக்கினார். தேன்கூடு போல ஒன்று, தூரத்து லாரி போல ஒன்று, மண்ணுக்கு அடியில் எதுவோ புரண்டு படுப்பது போல ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தூக்கினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண், லைன் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு, தானும் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினாள். அவர் பல் தெரியச் சிரித்தார். எல்லாம் கேட்கிறது. அழுக்குதான். குளிர்தான். மனைவியிடம் போய், கையைத் தூக்கிய கணக்கையெல்லாம் சொல்ல வேண்டும்.

“இப்போ இடது காதுல வைங்க,” என்றது குரல்.

அவர் உடம்பைத் திருப்பி டெஸ்ட் போனை இடது காதில் வைத்தார். அங்கே எதுவும் இல்லை. டோன்கூட இல்லை. பிடுங்கிய கம்பியில் என்ன இருக்குமோ அது. கொஞ்சம் காற்று. நல்ல காது. இதுவரை அவரை ஒரு தடவையும் ஏமாற்றாத காது.

ஸ்பாஞ்ச் சுவர் அவருடைய மூச்சைக்கூடத் திருப்பித் தரவில்லை. காலையில் அந்தப் பெண் அவருடைய வலது பக்கமாகக் குனிந்து பேசியதும், தான் பெரிய மனிதனாகத் தலையாட்டியதும், நிமிர்ந்தபோது அவள் முகம் இருந்த இருப்பும் அவருக்கு ஞாபகம் வந்தன. சர்க்கரையைப் பற்றிக் கேட்டவளின் முகம் அல்ல அது. வெள்ளைக் கோட்டின் தோளில் இருந்த தூசையும் இப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

மெல்ல, சூடான பாத்திரத்தைத் தூக்குவது போல, போனை மறுபடி வலது காதுக்குக் கொண்டுபோனார்.

“காது போயிடுச்சா மேடம்?”

“போயிடுச்சு,” என்றது குரல் உடனே. “வலது முழுசாப் போயிடுச்சு. அழுக்கும் இல்ல, குளிரும் இல்ல, கவலையும் இல்ல. திரும்ப வராது. இடது நல்லா இருக்கு. ரோட்டைத் தாண்டும்போது தலையைத் திருப்பிப் பாருங்க. வீட்டம்மாவை எப்பவும் இடது பக்கம் நடக்கச் சொல்லுங்க. சாயங்காலம் போனதும் இதே மாதிரி சொல்லிடுங்க, சுத்தி வளைக்காம.”

“அப்போ இதுல இப்போ கேக்குதே...”

“இந்தக் காதுல இனிமே நான் மட்டும்தான்,” என்றாள் அக்கா.

அவருடைய ஒரு கை, எப்போது தூக்கினாரோ தெரியவில்லை, உயரேயே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் கையாட்டுவதை நிறுத்திவிட்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் முதலாளி வந்து நின்றார். லைன்மேனின் உதடுகளையும் தூக்கிய கையையும் பார்த்தார். பிறகு செல்போனைப் பையில் போட்டுவிட்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, தன்னுடைய பழுதில்லாத காதை அந்தத் தடித்த கண்ணாடியில் வைத்து அழுத்தினார். காது சப்பையாகி, வெளுத்து, மாவில் வைத்த அச்சு மாதிரி அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.